மூணு நூல் இடைவெளி

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் பாபநாசத்தில் பல வீடுகளின் சுவரடியில் ஓதம் ஏறும். குடமுருட்டி ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம், அடியில் களிமண். இப்படிப்பட்ட ஊரில் லேமினேட் தரையைப் பிரித்துப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அந்த வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்காரரின் மகன் வீடியோ பார்த்துத் தானே போட்ட தரை. ஐப்பசி அடைமழையில் அறையின் நடுவே உப்பி எழும்பிவிட்டது. ஆசாரி ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, பலகைக்கும் சுவருக்கும் நடுவே உளி முனையை விட்டுப் பார்த்தார். நுழையவில்லை.

"சுவத்தோட ஒட்டி வச்சிருக்கீங்களே தம்பி, பலகை எங்க போவும்?"

"இடைவெளி தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்னு நெனச்சேண்ணே."

"அதை மறைக்கத்தானே ஸ்கர்ட்டிங்!"

லேமினேட் பலகை என்பது மரநாரை அழுத்திச் செய்தது. மேலே மரவரி அச்சிட்ட காகிதம். காற்றில் ஈரம் கூடினால் விரியும், குறைந்தால் சுருங்கும். அதனால்தான் இதைத் தரையில் ஆணி அடிப்பதில்லை, ஒட்டுவதும் இல்லை, மிதக்க விடுகிறார்கள். நாலு சுவரோரமும், கதவு நிலைக்கட்டையின் அடியிலும் மூணு நூல் இடம் வேண்டும். ஆசாரி மூணு நூல் கனத்தில் ஆப்பு சீவி வைத்துக்கொண்டுதான் முதல் வரிசையைத் தொடுகிறார். ஸ்கர்ட்டிங்கைச் சுவரில்தான் அடிக்கிறார். பலகையோடு சேர்த்து அடித்தால் விட்ட இடைவெளி வீண்.

சுவீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977இல் கண்டுபிடித்த தரை இது. பசையில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கவ்விக்கொள்ளும் பூட்டு 1990களில் வந்தது. பூட்டு வந்த பிறகுதான் யார் வேண்டுமானாலும் போடலாம் என்ற தைரியம் பரவியது. மாட்டுவது சுலபம்தான். கெடுதல் அடியிலிருந்து வருகிறது.

பலகைகளைப் பெயர்த்ததும் அது தெரிந்தது. ஃபோம் மட்டும் இருந்தது, அதன் கீழே பாலிதீன் இல்லை. பலகையின் அடிப்பக்கம் கறுத்துப் பூசணம் பிடித்திருந்தது. ஆசாரி ஒரு முழச் சதுரத்தில் பாலிதீன் வெட்டி, சிமெண்ட் தரையில் நாலு பக்கமும் டேப் ஒட்டினார். மறுநாள் அதன் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

"கீழ வேணாம் சார், பழைய சிவப்புத் தரையே இருக்கட்டும். மாடி ரூமுல போட்டுத் தர்றேன்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். கூலி குறையும் என்று தெரிந்தும் சொன்னார். டெல்டாவில் தரைத்தளத்துக்கு இந்தப் பலகை வேண்டாம் என்பதுதான் என் கருத்தும்.

மாடியில் கெடாமல் மிஞ்சிய பலகைகளையும் புதுப் பெட்டிகளையும் இரண்டு நாள் படுக்கையாக வைத்து அறைக் காற்றுக்குப் பழக்கினார். ஆறடி மட்டப்பலகையை வைத்து, அதனடியில் ஒரு நூலுக்கு மேல் பள்ளம் தெரிந்த இடத்தையெல்லாம் சிமெண்டால் நிரவிக் காயவிட்டார். அறையின் அகலத்தை அளந்து முதல் வரிசையிலேயே கொஞ்சம் கிழித்துக்கொண்டார்; இல்லாவிட்டால் கடைசி வரிசை இரண்டு விரல் அகலத்தில் வந்து நிற்கும், பூட்டும் பிடிக்காது. செங்கல் கட்டில் போலவே இணைப்புக்கு நேரே இணைப்பு வராமல் ஓரடியாவது தள்ளி வைத்தார். சுத்தியல் பலகையின் விளிம்பில் நேரடியாக விழவே இல்லை. இடையில் எப்போதும் ஒரு துண்டுக்கட்டை.

வேலை முடிந்ததும் வீட்டு அம்மா, "வெள்ளிக்கிழமை வாளித் தண்ணி ஊத்திக் கழுவலாமாப்பா?" என்று கேட்டார்.

"ஊத்தாதீங்கம்மா. துணியை ஒட்டப் பிழிஞ்சு துடைங்க, போதும்."

அந்த அம்மா பூஜை அலமாரியைக் கீழேயே வைத்துக்கொள்ள முடிவு செய்தார்.