ஆனைமங்கலம் நெல்லும் சீனத்துக் காசும்

கீழ்வேளூர் பக்கம் போகிறவர்கள் ஆனைமங்கலத்தையும் எட்டிப் பார்க்கலாம். வயலும் வாய்க்காலுமாக நம் டெல்டா ஊர்தான். இவ்வூர் வருவாயான 8,943 கலம் நெல்லை, நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் கட்டிய புத்த விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் விட்டுக்கொடுத்ததை லெய்டன் செப்பேடு சொல்கிறது. அயல்நாட்டு மன்னருக்கு ஏன் இத்தனை நெல்? பக்தி மட்டும் காரணமாக இருக்காது. சீனத்துக்குப் போகும் கடல்வழி ஸ்ரீவிஜயத்தின் கையில் இருந்தது. ராஜேந்திரன் பிறகு அங்கே படையெடுத்தது வேறு கதை.

1077இல் சோழநாட்டிலிருந்து 72 பேர் சீன அரசவைக்குப் போனார்கள். கண்ணாடிப் பொருள், கற்பூரம், தந்தம் என்று கொண்டுபோனதற்கு ஈடாகக் கிடைத்தது 81,800 சரம் செப்புக்காசு. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனக் காசுகள் பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கங்களில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. உங்கள் உழவில் தட்டுப்பட்டால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தாசில்தார் அலுவலகத்தில் தெரிவியுங்கள்.