இரண்டு நாளில் கொழும்பு

கொழும்புக்குப் போவது என்றால் எமது ஊரில் ஒரு காலத்தில் உத்தியோகத்துக்குப் போவது என்றே பொருள். ஊர் பார்க்க அங்கே போனவர் எவரும் இலர். ஆண்கள் போனார்கள், மாதம் தவறாமல் காசுக்கட்டளை அனுப்பினார்கள், பொங்கலுக்கும் வருடப் பிறப்புக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் லீவில் வந்தார்கள், மறுபடியும் போனார்கள். பெண்கள் வீட்டோடு இருந்து தோட்டம் துரவையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார்கள். கொழும்பின் பெயரால் அவர்கள் அறிந்ததெல்லாம் முற்றத்தில் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரம் ஒன்றுதான் என்றால் அது பெரிய மிகையன்று.

எமது அன்னையாரும் அப்படிப்பட்டவர்களில் ஒருவர். தந்தையார் 1958 முதல் 1983 வரை இருபத்தைந்து ஆண்டுகள் கொழும்பிலே ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராய் இருந்தவர். "வாற வருஷம் உன்னைக் கூட்டிக்கொண்டு போறன்" என்று ஆண்டுதோறும் சொல்லிவிட்டுப் போவார். வருஷங்கள் வந்தன, அழைப்பு வரவில்லை. 2018 ஆம் ஆண்டிலே, அன்னையாரின் 74 ஆம் வயதில், ஒரு வார இறுதியில் குடும்பத்தோடு கொழும்பு பார்த்து வருவது என்று நாம் தீர்மானித்தபோது, வீட்டில் ஐந்து பேர். ஐவருக்கும் அதுவே முதற் பயணம் என்று சொல்லிவிடலாம். நாம் இரண்டொரு முறை போனதுண்டு. ஆனால் காலையில் இறங்கி, ஏதோவொரு கந்தோர் வாசலில் வரிசையில் நின்று, இரவு வண்டியிலேயே திரும்பியவனைக் கொழும்பு கண்டவன் என்று சொல்வது நியாயமன்று.

நாள் பார்ப்பதே முதற் சங்கடமாயிற்று. ஆவணி என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பொங்கல் தவறக்கூடாது. புரட்டாதி என்றால் சனிக்கிழமைதோறும் எள்ளெண்ணெய் எரிக்க வேண்டும். வார இறுதியென்பது சனியும் ஞாயிறுமாய் அமைந்துவிட்டதை நொந்துகொண்டோம். ஆடி அமாவாசை அவ்வாண்டு ஓகஸ்ட் 11 ஆந் திகதி வந்தது. தந்தையாருக்கு விரதம் இருக்கவேண்டிய நாம் அன்று ஊரில் நிற்க வேண்டும். ஆகவே ஓகஸ்ட் 4, 5 ஆந் திகதிகளே எஞ்சின. வெள்ளி இரவுத் தபால் வண்டியில் ஏறுவது. ஞாயிறு இரவு திரும்புவது.

பஸ்ஸிலே போனால் வெள்ளவத்தையிலேயே இறங்கலாமே, ஏன் வீணாகக் கோட்டைக்குப் போய் அலைய வேண்டும் என்று அயலவர் கேட்டனர். அன்னையார் மட்டும் "றெயில்" என்று ஒரு சொல் சொன்னார். யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியபோது அவர் 12 வயதுச் சிறுமி. மணமான பின் கொடிகாமம் புகைவண்டி நிலையத்துக்குத் தந்தையாரை வழியனுப்பவும் எதிர்கொள்ளவும் எத்தனையோ முறை போய் நின்றவர். ஒரு முறையாவது ஏறியதில்லை. 1990 இல் வண்டி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2014 ஒக்டோபரில் மறுபடியும் யாழ்ப்பாணம் வரை வண்டி வந்த அன்று ஊரே தண்டவாளத்தடியில் கூடி நின்றது. அன்னையார் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. ஆகவே இப்போது அவர் 'றெயில்' என்றபோது நாம் மறு பேச்சுப் பேசவில்லை.

அடுத்தது, பார்க்கவேண்டிய இடங்கள். பழைய நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் எல்லாரும் தத்தம் விருப்பத்தை எழுதலாம் என்று அறிவித்தோம். அறிவித்தது தவறு. மகன் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதன் கீழே தாமரைக் கோபுரம் என்றும் எழுதினான். 350 மீற்றர் உயரமான அக்கோபுரம் அப்போது பார்வையாளருக்குத் திறக்கப்படவில்லை. திறந்தது 2022 இல். "வெளியில நிண்டு பாத்தாலும் காணும்" என்றான் அவன். மகள் நூதனசாலையைக் குறித்தாள். சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளில் 1409 ஆம் ஆண்டுத் திகதியோடு பொறிக்கப்பட்டு, 1911 இல் காலியிலே கண்டெடுக்கப்பட்ட கல் அங்கேதான் இருக்கிறது. அதிலே தமிழ் எழுத்தை நேரிற் காண வேண்டும் என்பது அவள் ஆசை. இல்லாள் செட்டியார் தெரு என்று எழுதினாள். நகை வாங்கவா என்று கேட்டதற்கு, பார்ப்பதற்கு மட்டும் என்றாள். நாம் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோவிலையும், 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தையும் சேர்த்தோம். காலிமுகத்திடல் எல்லோருக்கும் பொது. இப்படியே தாள் நிறைந்து பதினான்கு இடங்களாயிற்று.

அன்னையாரிடம் தாளை நீட்டினோம். "நீங்கள் போற இடத்துக்கு நான் வாறன், தம்பி" என்று சொல்லி, முருங்கையிலை ஆய்வதில் கவனமானார்.

பதினான்கு இடங்களையும் தூக்கிக்கொண்டு எமது ஊர்ப் பழைய தபாலதிபரிடம் போனோம். முப்பது ஆண்டுகள் கொழும்பிலே கழித்தவர். அவர் தந்த புத்திமதிகளில் பாதி, மறைந்துபோன தேநீர்க் கடைகளையும் ஓடாத பஸ்களையும் பற்றியவை. "கோட்டையில் இறங்கியதும் பொக்கற்றைக் கையால் பொத்திக்கொள்ளும்" என்றார். மூன்று முறை சொன்னார். ஆனால் பயனுள்ள ஒன்றும் சொன்னார். கொழும்பு பாய்போல விரிந்த ஊர் என்று எண்ணாதே, எமக்கு வேண்டிய கொழும்பு கயிறுபோல நீண்ட ஊர் என்றார். வடக்கு முனையில் கொச்சிக்கடை, செட்டியார் தெரு, புறக்கோட்டை, கோட்டை. அங்கிருந்து கடலோரமாய்த் தெற்கே காலி வீதி: கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை. நூறாம் இலக்க பஸ்ஸும் நூற்றோராம் இலக்க பஸ்ஸும் அவ்வீதி நெடுகப் போகும். காலையிலே கொச்சிக்கடையில் கும்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குத் தெஹிவளையில் யானை பார்த்து, நண்பகலில் செட்டியார் தெருவுக்குத் திரும்புவதாக நாம் வகுத்திருந்த திட்டத்தைக் கண்டு அவர் சிரித்த சிரிப்பில் பொய்ப்பல் அசைந்தது. ஒரு நாள் கயிற்றின் ஒரு முனை, மறுநாள் மறு முனை, அதுவே வழி. அதிலும் ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டைக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். ஆகவே வடக்கு சனிக்கிழமைக்கு, தெற்கு ஞாயிற்றுக்கிழமைக்கு. ஒரு சுண்ணக்கட்டியால் திண்ணையிலே கோடு கிழித்துக் காட்டினார். அந்தக் கோடு எமக்கு எந்த வரைபடத்திலும் மேலானது.

தங்குமிடம் பற்றிய விவகாரத்தைச் சுருக்கமாய்ச் சொல்கிறோம். வெள்ளவத்தையில் எமக்கு உறவினர் நான்கு வீட்டினர். ஒரு வீட்டிலே தங்கினால் மற்ற மூன்று வீட்டிலும் ஒருவேளைச் சாப்பாடாவது உண்ணாமல் திரும்ப முடியாது. அப்படி உண்டால் இரண்டு நாளும் அதற்கே சரி. கொழும்பிலே நாம் கண்டது நான்கு வீட்டுச் சாப்பாட்டு மேசைகளும் ஒரு கலியாண அல்பமும் என்று ஊருக்கு வந்து சொல்லவேண்டியதுதான். ஆகவே நால்வருக்கும் சொல்லாமல் ஒரு விடுதியில் அறை பேசினோம். இது பின்னர் வெளிப்பட்டு, ஒரு சின்னம்மா எம்மோடு ஆறு மாதம் பேசவில்லை. அது வேறு கதை.

புறப்பட ஒரு கிழமை இருக்கையில் ஓர் இரவு, அன்னையார் தகரப் பெட்டியிலிருந்து ஓர் உறையை எடுத்து வந்து எமது கையில் தந்தார். உறைக்குள் கடிதம் இல்லை. பின்புறத்தில் அனுப்பியவர் விலாசம் தந்தையாரின் சாய்ந்த எழுத்தில் இருந்தது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே ஓர் ஒழுங்கை; வீட்டு இலக்கம். 2000 ஆம் ஆண்டு தென்மராட்சி முழுதும் இடம்பெயர்ந்தபோது காணி உறுதிகளோடு சேர்த்து இந்த உறையையும் அவர் கொண்டு போயிருக்கிறார். எமக்கு அது அன்றுவரை தெரியாது.

"இந்த வீட்டில்லை, தம்பி. இதுக்கு நேர் எதிர் வீடு. ஓட்டு வீடு. வாசலில அம்பிரலங்காய் மரம் நிக்கும்."

கதையின் பாதி எமக்குத் தெரியும். 1983 ஆடியில், நண்பர் ஐந்து பேராய்த் தந்தையார் தங்கியிருந்த வாடகை வீட்டுக்குக் கும்பல் வந்தது. பின்னர் அவர் அகதி முகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை மட்டும் இருந்தது. மற்றப் பாதியை அன்னையார் அன்றிரவு சொன்னார். கும்பல் ஒழுங்கைக்குள் நுழையும்போதே எதிர் வீட்டுச் சிங்கள அம்மா ஐவரையும் பின்வாசலால் அழைத்து, குசினிக்குப் பின்னால் அரிசி மூட்டை வைக்கும் அறையில் இருத்திக் கதவைப் பூட்டினாராம். இரண்டு இரவுகள். கேட்டு வந்தவர்களுக்கு, இங்கே எவரும் இல்லை என்று படியில் நின்றே பதில் சொன்னாராம். அதற்குப் பின் தந்தையார் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் பெற்றார். "ஒரு நாளைக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு போய் அவவுக்கு நன்றி சொல்ல வேணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். பாதைகள் அடைபட்டன. 2001 இல் அவர் காலமானார். ஏ9 பாதை திறந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

"அந்த மனிசி இப்ப உயிரோட இருக்குமோ தெரியாது. எண்டாலும் ஒருக்காப் போக வேணும்" என்றார். இருபத்தைந்து ஆண்டு கேளாத ஒன்றைக் கேட்கும்போதும் அவர் எம்மைப் பார்த்துக் கேட்கவில்லை. உறையைப் பார்த்தே கேட்டார்.

மறுநாள் பதினான்கு இடங்களையும் மறுபடி எழுதினோம். சனிக்கிழமை முதல் இடம் அந்த ஒழுங்கை. கயிற்றின் முனைக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு. மகன் கைத்தொலைபேசியிலே வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பெருப்பித்து, "அப்பம்மா, இதுதான் ஒழுங்கை" என்று காட்டினான். தந்தையார் இருந்த இடத்தில் வெள்ளைக் கொங்கிறீற்று மொட்டைமாடியும் தண்ணீர்த் தாங்கிகளும் தெரிந்தன. மாடிக் கட்டடம் எழுந்துவிட்டது. எதிரே ஒரு செந்நிறக் கூரை. அன்னையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "கூரையில என்ன தெரியும்? உள்ளுக்கு ஆரெண்டு தெரியாதே" என்றார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, பாடசாலையில் படிக்கும் சிங்களத்தில் 'மிகவும் நன்றி' என்பதற்கு என்ன சொல் என்று கேட்டார். "பொஹோம ஸ்துதியி." அந்தக் கிழமை முழுவதும், கிணற்றடியிலும் அடுப்படியிலும் அவர் வாயில் அந்தச் சொல்லே உருண்டது. 'ஸ்' அவருக்கு வரவில்லை. 'பொகோம தூதி' என்றே வந்தது.

இல்லாள் செட்டியார் தெருவைத் தானே வெட்டினாள். நாம் நூலகத்தை வெட்டினோம். மாமியும் மருமகளுமாய் இரண்டு குட்டான் பனங்கட்டியும், ஒரு பை ஒடியலும், எள்ளுருண்டையும் கட்டினார்கள். ஒடியலை என்ன செய்வதென்று அந்த வீட்டாருக்குத் தெரியுமா என்று நாம் கேட்டோம். எவரும் பதில் சொல்லவில்லை.

பயணத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஏறக்குறைய 400 கிலோமீற்றரும் அன்னையார் சன்னலோரத்தில் விழித்தபடி இருந்தார். இருட்டிலே நிலையப் பெயர்ப் பலகைகளைத் தேடினார். ஒவ்வொரு பெயரும் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

ஒழுங்கைக்குள் நாம் நுழைந்தபோது காலை எட்டு மணி. முனையிலே கடல். தந்தையார் எழுதியபடி தண்டவாளமும் இருந்தது. அவர் எழுதாத அகன்ற வீதியொன்றும் இடையில் இருந்தது. ஓட்டு வீடு நின்றது. அம்பிரலங்காய் மரம் இல்லை. மணியை அழுத்த, இளம்பெண் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். மகள் தன் பாடசாலைச் சிங்களத்தில் தட்டுத்தடுமாறிச் சொல்ல, நாம் இடையிடையே கெடுத்தோம். அவர்கள் அவ்வீட்டை வாங்கியே பல ஆண்டுகளாம். முன்பிருந்த அம்மாவின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. ஆயினும் கதை விளங்கியதும் கேற்றை அகலத் திறந்தாள்.

குசினிக்குப் பின்னால் அந்த அறை இருந்தது. உள்ளே ஒரு பழைய சைக்கிள், குழந்தையின் தொட்டில், தேங்காய்க் குவியல். நடுத்தர உயரமுள்ளவர் கையை விரித்தால் இருபுறச் சுவரையும் தொடலாம். அதற்குள் ஐந்து பேர். அன்னையார் நிலையைப் பிடித்தபடி நின்றார். பிறகு திரும்பி, பையை அப்பெண்ணின் கையில் வைத்து, ஒரு கிழமையாய்ப் பழகிய அந்தச் சொல்லைச் சொன்னார். அப்போதும் 'தூதி' என்றே வந்தது. அந்தப் பெண் அவர் கையைப் பிடித்து நாற்காலியில் இருத்தி, தேநீர் போட்டாள். ஒடியலை எப்படிச் சமைப்பதென்று அன்னையார் தமிழிலே விளக்க, அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது மணி ஒன்பதரை. தாளை எடுத்துப் பார்த்தோம். பன்னிரண்டு இடங்கள் எஞ்சியிருந்தன, கொச்சிக்கடை வடக்கு முனையில். அன்னையார் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"தம்பி, முதல்ல பிள்ளையளுக்கு அந்த யானையைக் காட்டு" என்றார்.

காலி வீதியில் நூறாம் இலக்க பஸ் வந்துகொண்டிருந்தது. ஏறிக்கொண்டோம்.