கட்டைவிரலின் எடை

“ஜெப் மை?”

வலிக்கிறதா என்று கேட்கிறார் மசாஜ் செய்யும் அக்கா. பாங்காக்கில், வாட் போ கோயில் வளாகத்து மசாஜ் கூடத்தில் பருத்தி உடையோடு படுத்திருக்கிறேன். எண்ணெய் கிடையாது. பாதத்தில் தொடங்கிய அவருடைய கட்டைவிரல் கெண்டைக்கால், முழங்கால் என்று மேலேறித் தொடையில் வந்து நிற்கிறது. வலிதான். ஆனால் விரலை எடுத்ததும் கால் முழுக்க ஒரு சூடு பரவுகிறது.

இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் 46 மீட்டர் நீளத்துக்குப் பள்ளிகொண்ட புத்தரைத் தரிசித்துவிட்டுத் திரும்புகிறார்கள். நான் ஒரு சிறு மண்டபத்தில் நெடுநேரம் நின்றேன். சலவைக்கல் பலகைகளில் மனித உருவங்கள். உடலெங்கும் கோடுகள், அழுத்த வேண்டிய புள்ளிகள். 1767இல் பர்மியப் படையிடம் பழைய தலைநகர் அயுத்தயா விழுந்தபோது ஏராளமான சுவடிகள் அழிந்துபோயின. மூன்றாம் ராமா மன்னர் 1830களில் இந்தக் கோயிலைப் புதுப்பித்தபோது, எஞ்சியிருந்த வைத்திய அறிவைக் கல்லில் பொறிக்கச் செய்தார். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம்.

அந்தக் கோடுகளுக்கு ‘சென்’ என்று பெயர். முதன்மையானவை பத்து. அவற்றில் மூன்றின் பெயர்கள் இத்தா, பிங்கலா, சுமனா. நம் சித்தர்களின் இடகலை, பிங்கலை, சுழுமுனையேதான்! இந்த மசாஜைக் கற்பிக்கும்போதும் புத்தரின் வைத்தியர் ஜீவகரை வணங்கிவிட்டுத்தான் பாடம் தொடங்குகிறார்கள்.

வடகிழக்குத் தாய்லாந்தின் இசான் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர் அந்த அக்கா. மசாஜ் முடிந்ததும், கூட வந்த நண்பர் மூலம் பேசினோம். “கைப்பலத்தால் அழுத்தினால் சீக்கிரமே விரல் போய்விடும். முழங்கையை மடக்காமல் உடம்பின் எடையை மெதுவாக இறக்கணும்” என்றார். அழுத்தும்போது அவர் இடுப்புதான் முன்னும் பின்னும் அசைந்தது. தோள் அசையவே இல்லை. விரலுக்கு ஓய்வு கொடுக்க இடையிடையே உள்ளங்கை, முழங்கை, பாதம்.

என் பிடரி இறுக்கம் தளர்ந்திருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். நாள்பட்ட முதுகுவலிக்கும் இது இதம் தரும். ஆனால் எலும்பு மெலிந்தவர்கள், கால் நாளத்தில் ரத்தம் கட்டியவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் படுக்கக் கூடாது. தொடங்குமுன் அந்த அக்கா என்னிடம் விசாரித்ததும் இதைத்தான்.

2019இல் யுனெஸ்கோ இக்கலையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெருமைதான். ஆனால் ஆள் வந்தால்தான் கூலி என்று நாளெல்லாம் வாசலைப் பார்த்திருக்கும் பெண்களை இந்நகரத்துக் கடைகள் பலவற்றில் கண்டேன். அவர்களுடைய விரல்களையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும்.

விடைபெறும்போது கவனித்தேன். அக்காவின் வலது கட்டைவிரல் மூட்டு புடைத்திருந்தது. அடுத்தவர் வருவதற்குள், மஞ்சளும் எலுமிச்சைப்புல்லும் கற்பூரமும் கட்டிய சூடான கிழியை எடுத்து, அந்த மூட்டுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.