பாஸ்வேர்டு போடாமலே திறந்த பூட்டு



போன கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போயிருந்தேன். கம்பெனி யூனிபார்மில் ஒரு பையன் வந்து "டீச்சர்" என்று கும்பிட்டான். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். ஒரகடத்தில் கம்ப்யூட்டரில் பில் போடும் வேலையாம். பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அன்னிக்கு நான் பாஸ்வேர்டு போடவே இல்ல டீச்சர்."

எனக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருஷம் இருக்கும். பள்ளிக் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுச் சத்துணவுக் கூடம் பக்கம் போனேன். திரும்பி வந்தால் திறந்து கிடக்கிறது, இவன் எதிரில் நிற்கிறான். "சும்மா தட்டினேன், தானா திறந்துக்கிச்சு" என்றான். நான் நம்பவில்லை. பாஸ்வேர்டைத் திருடினான் என்று எல்லார் முன்னாலும் திட்டி, அவன் அப்பாவை வரவழைத்தேன். அவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றார்.

சாஃப்ட்வேரில் இருக்கும் தங்கை மகனிடம் கேட்டேன், அப்படித் திறக்குமா என்று. "திறந்திருக்கு பெரியம்மா" என்றான்.

2021 ஜனவரியில் லினக்ஸ் மின்ட் விஷயத்தில் வெளியே தெரிந்தது. ஒருவர் வீட்டுப் பிள்ளைகள், பூட்டிய கம்ப்யூட்டரில் கீபோர்டையும் திரையில் வரும் கீபோர்டையும் சேர்த்துக் கண்டபடி தட்ட, பூட்டுத்திரை விழுந்து உள்ளே இருந்தது அப்படியே தெரிந்ததாம். காரணம் ஒரே எழுத்து! மேலே கோடு போட்ட ஆங்கில 'இ'. நம் 'ஏ'வை ஆங்கில எழுத்தில் காட்டப் போடுவார்களே, அதேதான். திரைக் கீபோர்டில் அதை அழுத்தினால் அந்த புரோகிராம் நின்றுபோய், பூட்டுத்திரையையும் இழுத்துக்கொண்டு விழும். பிறகு அப்டேட் கொடுத்துச் சரிசெய்தார்கள்.

2017 நவம்பரில் ஆப்பிள் மேக்கிலும் ஒரு ஓட்டை. பெயர் 'ரூட்', பாஸ்வேர்டு காலி. சில தடவை அழுத்தினால் முழு அதிகாரமும் கைக்கு வந்தது. விஷயம் வெளியான மறுநாளே அடைத்தார்கள்.

பூட்டுத்திரை கதவு இல்லை, திரைச்சீலைதான். பின்னால் நம் வேலையெல்லாம் திறந்தபடி கிடக்கிறது. அதனால் ஆபீசில் எழுந்தால் விண்டோஸ் பட்டனோடு எல் அழுத்திப் பூட்டுங்கள், அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள், வேலை முடிந்தால் ஷட்டவுன் செய்யுங்கள். லேப்டாப்பை வெளியே கொண்டுபோகிறவர்கள் டிஸ்க்கையே என்கிரிப்ட் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றிப் படித்துவிடலாம்.

மின்ட் பிள்ளைகளின் அப்பாவும் முதலில் ஏதோ தற்செயல் என்றுதான் நினைத்தார். பிள்ளைகள் இரண்டாம் தடவையும் திறந்து காட்டியதும், அதை உருவாக்கியவர்களுக்கு எழுதிப்போட்டார். எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் எதனால் திறந்தது என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கணக்குக்கு விடை சொன்னால் "போர்டில் போட்டுக் காட்டு" என்கிற நான், அன்று "இன்னொரு தடவை தட்டிக் காட்டு" என்று கேட்கவில்லை.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். தப்பு என்மேல்தான். எல்லார் முன்னாலும் திட்டினேன், அதனால் எல்லார் முன்னாலும் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வீட்டுக்கு அழைத்து வா. அவரிடமும் நேரில் சொல்ல வேண்டும்.