ஒன்பது ஊர் மூன்று ஊரான கதை

"ஏம்மா, அந்தச் சீட்டுப் பணத்தை என்ன செய்யலாம்னு இருக்கே?" என்று இவர் கேட்டபோது நான் அடுப்படியில் தோசை வார்த்துக் கொண்டிருந்தேன். என் வீட்டுச் செலவு மிச்சமும் இவருடைய டியூஷன் பணமும் சேர்த்து ஐந்து வருஷமாய்க் கட்டிய சீட்டு அது. அடுத்த மாதம் ஐந்து லட்சம் கைக்கு வரும். மகளுக்கு ஒரு நெக்லஸ், மீதி பாங்கில் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் இவர் கையில் பழைய அட்லஸ்! பார்த்ததுமே புரிந்து விட்டது, நெக்லஸ் இல்லை என்று.

என் கணவர் பூகோள ஆசிரியர். 27 வருஷமாய் ரைன் நதியையும் ஆல்ப்ஸ் மலையையும் கரும்பலகையில் சாக்கட்டியால் வரைந்து காட்டுபவர். ஒன்றையாவது நேரில் கண்டதில்லை. நாங்கள் போன தூரமெல்லாம் வடக்கே காசி, தெற்கே கன்னியாகுமரி, அவ்வளவுதான். "இந்த ஆவணியோட நமக்குக் கல்யாணமாகி 25 வருஷம். காலாண்டு லீவோட நாலு நாள் சேர்த்தா 12 நாள் கிடைக்கும். ஐரோப்பாவை ரயில்லயே சுத்திட்டு வந்துடலாம்" என்றார். சின்னப் பையன் திருவிழாவுக்குக் கிளம்புகிற மாதிரி முகம்!

அன்று இரவே பட்டியல் தயார். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், வியன்னா, ஜூரிக், வெனிஸ், புளோரன்ஸ், ரோம். ஒன்பது ஊர், 12 நாள்!

"பாரிஸ்லேர்ந்து ஆம்ஸ்டர்டாம் மூணரை மணி நேரம்கூட இல்லே. திருச்சியிலேர்ந்து மெட்ராஸ் போறதைவிடக் குறைச்சல்" என்றார். வரைபடத்தில் எல்லாம் விரல் தூரம்தானே!

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வயிற்றில் புளியைக் கரைத்தது. காரணம் இருக்கிறது, சகோதரிகளே.

இவருக்கு 11 வருஷமாகச் சர்க்கரை வியாதி. நாலு வருஷமாகக் காலையும் இரவும் இன்சுலின் ஊசி. இரண்டு வருஷத்துக்கு முன் மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ஸில் கிளம்பினோம். "வழியிலே சாப்பிட்டுக்கலாம்" என்று வீட்டிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு ஏறி விட்டார். துவரங்குறிச்சி தாண்டி பஸ் படுத்து விட்டது. பக்கத்தில் ஒரு பெட்டிக்கடைகூட இல்லை. அரை மணியில் இவருக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. என் முகத்தைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார். பின் சீட்டு அம்மாள் ஒருவர் பையிலிருந்த கற்கண்டை எடுத்துக் கொடுத்து, பிறகு வாழைப்பழமும் கொடுத்துக் காப்பாற்றினார். அந்தக் கேள்வி இவருக்கு நினைவிலேயே இல்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் மறக்கவில்லை.

இப்போது ஒன்பது ஊர் என்கிறார். நான் பத்தாவது வரை படித்தவள். பூகோளம் எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டுக் கணக்கு நோட்டு எழுதத் தெரியும். அதையே எடுத்து நாலு கட்டம் போட்டேன்: மணி, ஊசி, சாப்பாடு, ரயில். மகள் கம்ப்யூட்டரில் ரயில் நேரங்களைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

எழுத எழுதத்தான் விஷயம் தெரிந்தது. மூன்றரை மணி ரயில் என்றால் மூன்றரை மணியில் முடிகிற காரியமில்லை. காலை பத்து, பதினோரு மணிக்கு ஓட்டல் அறையைக் காலி செய்ய வேண்டும். பெட்டியை நாமே இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் போக வேண்டும். நம் ஊர் மாதிரி சிவப்புச் சட்டை போர்ட்டர் வந்து தலையில் தூக்க மாட்டார். எந்த ஸ்டேஷன் என்பதும் முக்கியம். பாரிஸில் மட்டும் பெரிய ஸ்டேஷன்கள் ஆறு. ஆம்ஸ்டர்டாம் ரயில் காரே து நோர் ஸ்டேஷனில். சுவிஸ் ரயில் காரே து லியோன் ஸ்டேஷனில். சென்ட்ரலுக்குப் போக வேண்டியவர்கள் எழும்பூரில் போய் நின்ற கதையாகி விடும். பிரான்ஸின் அதிவேக ரயில்களில் புறப்படுவதற்கு 2 நிமிஷம் முன்பே கதவை அடைத்து விடுவார்களாம். புது ஊரில் போய் இறங்கினாலும், அறை கிடைக்க மத்தியானம் இரண்டு, மூன்று மணி ஆகும்.

ஒன்பது ஊர் என்றால் எட்டு தடவை மூட்டை கட்ட வேண்டும். எட்டு நாளும் மத்தியானச் சாப்பாடு ஏதாவது ஒரு பிளாட்பாரத்தில். என் நோட்டில் சாப்பாட்டுக் கட்டம் எட்டு இடத்தில் காலியாக இருந்தது. அதை அப்படியே இவர் முன்னால் வைத்தேன்.

படித்தார். முகம் சிவந்து விட்டது. "என்னை நோயாளியாவே ஆக்கிட்டே இல்லே?" என்று அட்லஸை மூடி அலமாரியில் வைத்து விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மனுஷருடைய 27 வருஷ ஆசையில் மண்ணைப் போட்டு விட்டோமே என்று எனக்கும் அழுகையாக வந்தது. மகள்தான், "அம்மா, நீ கணக்கைத்தான் காட்டினே. உன் பயத்தை அப்பாகிட்டே சொல்லவே இல்லையே" என்றாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மொட்டை மாடியில் வடகம் எடுக்கப் போனேன். இவரும் அங்கே இருந்தார். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "என்னங்க, அன்னிக்கு பஸ்ஸிலே நீங்க என்னைப் பார்த்து நீங்க யாருன்னு கேட்டீங்க" என்றேன். இவர் அப்படியே நின்று விட்டார். "நானா கேட்டேன்?" "ஆமாங்க. மொழி தெரியாத ஊரிலே அப்படி ஆனா நான் யார்கிட்டே போய் என்னன்னு சொல்லுவேன்?" அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. இவரும் ஒன்றும் சொல்லவில்லை. வடகத் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் இறங்கிப் போனார்.

இரவு சாப்பாடு ஆனதும், சிவப்பு மசிப் பேனாவை எடுத்துக்கொண்டு பட்டியலோடு உட்கார்ந்தார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு ஊராக அடித்தார். பிரஸ்ஸல்ஸ் போயிற்று. ஆம்ஸ்டர்டாம் போயிற்று. வியன்னாவை அடிக்கும்போது பேனா கொஞ்சம் நின்றது. டான்யூப் நதி அங்கேதான் ஓடுகிறது. கொலோனில் வந்து அடியோடு நின்று விட்டது. "ரைன் நதியை மட்டும் விட மனசு வரலையே" என்றார்.

மறுநாள் மகளும் நானுமாகத் தேடினோம். பாரிஸிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாஸல் ஊருக்கு ரயிலில் சுமார் 3 மணி நேரம். அந்த ஊரின் நடுவே ஓடுவது சாட்சாத் ரைன் நதிதான்! பெட்டிகளை ஸ்டேஷன் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு டிராம் வண்டியில் போனால் கொஞ்ச நேரத்தில் ஆற்றங்கரை. அங்கிருந்து லூசெர்ன் ஊருக்கு ஒரு மணி நேரப் பயணம். அந்த ரயில்களில் சீட் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் கிடையாது. மணிக்கு ஒரு தடவையாவது வண்டி உண்டு. ஆக, மத்தியானச் சாப்பாடு ரைன் நதிக்கரையில்! நோட்டில் காலியாக இருந்த கட்டத்தில் "ரைன்" என்று எழுதிக் காட்டினேன். இவர் முகத்தில் பழைய சிரிப்பு வந்து விட்டது.

கடைசியில் நின்றவை மூன்று ஊர்கள்: பாரிஸில் நாலு ராத்திரி, லூசெர்னில் மூன்று, வெனிஸில் மூன்று. லூசெர்னிலிருந்து மிலான் வரை மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆல்ப்ஸ் மலைக்கு அடியில், 2016ல் திறந்த 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் சுரங்கம் வழியாகப் போகிறது அந்த ரயில். மிலானில் இறங்கிச் சாப்பிட்டு விட்டு, இரண்டரை மணி நேரத்தில் வெனிஸ். பாரிஸில் இறங்கி வெனிஸிலிருந்து திரும்புகிற மாதிரி விமான டிக்கெட் எடுத்தோம். வந்த வழியே பாரிஸுக்குத் திரும்பும் செலவும் அலைச்சலும் மிச்சம்.

இதில் நான் தெரிந்து கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். 33 நாடுகளில் செல்லும் யூரெயில் பாஸ் இருக்கிறது. நாலைந்து நாடு சுற்றுகிறவர்களுக்கு நல்லதாக இருக்கலாம். ஆனால் பிரான்ஸ், இத்தாலி அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் சீட் பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். எங்களுக்கோ நீளப் பயணம் இரண்டே நாள்தான். தனித்தனி டிக்கெட்டே மலிவாக வந்தது. அதையும் முன்கூட்டியே வாங்க வேண்டும்; நாள் நெருங்க நெருங்க விலை ஏறும்.

ஷெங்கன் விசா ஒன்று போதும், மூன்று நாட்டுக்கும் செல்லும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். எங்களுக்குப் பிரான்ஸ். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் முடியாது. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸும் கட்டாயம். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் போய், சென்னையில் கைரேகை வைத்துவிட்டு வந்தோம்.

அறை எடுக்கும்போது நான் செய்த அசட்டுத்தனம் ஒன்று. வெனிஸ் மெஸ்த்ரே என்று மலிவாக இருந்ததைப் பதிவு செய்து விட்டேன். அது தண்ணீர் ஊர் இல்லை, இக்கரையில் இருக்கிற ஊர்! சாந்தா லூசியா ஸ்டேஷனில் இறங்கினால்தான் வாசலிலேயே கால்வாய். நல்ல வேளை, பணம் பிடிக்காமல் ரத்து செய்ய முடிந்தது. அங்கே கால்வாய்ப் பாலங்களில் படிகள் இருப்பதால் ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி மட்டும். எட்டு கிலோ அரிசியைப் பெட்டியில் போட்டு, தினமும் மாடிப்படி ஏறிப் பழகுகிறோம். காலையில் 40 நிமிஷம் நடையும் உண்டு.

டாக்டரிடமும் போனோம். செப்டம்பரில் அங்கே கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். அதற்குத் தகுந்தபடி ஊசி வேளையை எழுதிக் கொடுத்தார். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். விமானத்தின் சாமான் அறையில் உறைந்து கெட்டுப்போகலாம். மருந்துச் சீட்டும் டாக்டர் கடிதமும் கூடவே இருக்க வேண்டும். இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் கொண்டு போகிறேன். நெய் கிடையாது. பால் சம்பந்தப்பட்ட பொருளை ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள். என் கைப்பையில் ஒரு பொட்டலம், இவர் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் கற்கண்டு எப்போதும் இருக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு இவர் கேட்டார்: "நான் என் ஆசையைச் சொல்லிட்டேன். நீ எதைப் பார்க்கணும்னு சொல்லவே இல்லையே?" 25 வருஷத்தில் இந்தக் கேள்வியை எதிர்பார்க்காததாலோ என்னவோ, எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்து விட்டுச் சொன்னேன்: "லூசெர்ன்லே ஏரி இருக்காமே. அந்தக் கரையிலே ஒரு நாள், யாருக்கும் காபி போடாம, சும்மா உட்காரணும்."

சிரித்து விட்டார். சிவப்புப் பேனாவால் அல்ல, நீலப் பேனாவால், லூசெர்னில் இரண்டாம் நாளுக்கு நேரே "சும்மா" என்று தம் அழகான கையெழுத்தில் எழுதினார். பக்கத்திலேயே சாப்பாட்டு மணியையும் தாமாகவே குறித்து வைத்தார்.

விசா வந்து விட்டது. பாஸ்போர்ட் இரண்டும் பீரோவில், கணக்கு நோட்டோடு இருக்கின்றன. அடித்துப் போட்ட ஏழு ஊர்களும் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. மகள் நெக்லஸுக்கு அடுத்த சீட்டில் சேர்ந்து விட்டேன்.