நீலத் துப்பாக்கிகளின் அலமாரி

எல் பாஸோவில் தோலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருக்கின்றன. டெக்சஸ் மாநிலத்தின் மேற்குக் கோடி அது. ரியோ கிராண்டே ஆற்றுக்கு இக்கரையில் எல் பாஸோ, அக்கரையில் மெக்சிகோவின் ஹுவாரெஸ். டோனி லாமா 1911-இல் இங்கே திறந்த சிறு கடை பின்னால் நாடறிந்த பூட்ஸ் கம்பெனியாக வளர்ந்தது. எல் பாஸோ சாடில்ரி தன் தொடக்கத்தை 1889 என்று சொல்கிறது. சேணத் தொழிலில் பேர் எடுத்த சாம் மையர்ஸ், ஸ்வீட்வாட்டர் ஊரிலிருந்து தன் பட்டறையை 1920 வாக்கில் இங்கே கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரின் புகைப்படங்களில் ஜெனரல் பாட்டன் இடுப்பில் தெரியும் துப்பாக்கி உறைகள் மையர்ஸ் பட்டறையில் 1935-இல் தைத்தவை.

நான் போனது பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சின்னப் பட்டறைக்கு. நாலைந்து பேர் வேலை செய்கிறார்கள். கைத்துப்பாக்கிக்கான தோல் உறை மட்டும்தான் செய்கிறார்கள். முதலாளி இளவயதில் பூட்ஸ் கம்பெனியில் மேல்தோல் வெட்டியவர். இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. தையலைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். "தையலை எல்லோரும் பார்ப்பார்கள். முதலில் இதைப் பாருங்கள்" என்று உள்ளறைக்கு அழைத்துப்போனார்.

சுவர் முழுக்க அலமாரி. வரிசை வரிசையாகத் துப்பாக்கிகள். பெரும்பாலானவை பளிச்சென்ற நீலம். சில சிவப்பு. ஒரு தட்டு முழுக்கச் சாம்பல் நிற அலுமினிய வார்ப்புகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டிய அட்டை. அதில் மாடல் பெயர், குழல் நீளம், தேதி, பென்சிலில் சில அளவுகள். எதுவும் சுடாது. எதிலும் அசையும் பாகம் இல்லை. ஈரத் தோலுக்குள் நுழைத்து அதற்கு வடிவம் கொடுப்பதற்கான அச்சுகள் இவை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் லாஸ்ட் என்னும் கால் வடிவ அச்சு எதுவோ அதுதான் இந்தப் பட்டறைக்கு இந்த நீலத் துப்பாக்கி.

மாடு மேய்க்கும் காலத்து உறைகளுக்கு இத்தகைய அச்சு தேவைப்படவில்லை. மெக்சிகன் லூப் என்று இன்றும் சொல்லப்படும் பழைய உறை, ஒரே தோலை மடித்துத் தைத்து, பின்பக்க மடிப்பிலேயே வெட்டிய வளையங்களில் செருகியது. துப்பாக்கி அதில் பைக்குள் கிடப்பதுபோல் கிடக்கும். 1920-களில் டாம் த்ரீபர்சன்ஸ் என்ற காவல் அதிகாரிக்காக மையர்ஸ் செய்த உறை இந்த ஊரின் பெருமை. தேவையில்லாத தோலையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு ரிவால்வரோடு ஒட்டிக்கொள்ளும்படி செய்தது. அதில் டிரிக்கர் வெளியே தெரியும். அவர் வைத்திருந்த பழைய கோல்ட் ரிவால்வர், சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால்தான் சுடும் என்பதால் அந்த அமைப்பு அன்றைக்குச் செல்லுபடியானது.

இன்றைக்கு அது போதாது. கிளாக் போன்ற துப்பாக்கியில் விரலால் திருப்பிப் பூட்டும் பூட்டு வெளியே கிடையாது. காப்பு டிரிக்கரிலேயே இருக்கிறது. டிரிக்கரை எது முழுசாக அழுத்தினாலும் சுடும்: விரல், சட்டை நுனி, தொளதொளவென்று மடிந்த உறையின் விளிம்பு. ஆகவே உறையின் முதல் கடமை டிரிக்கரை மூடிக் காப்பது. இரண்டாவது, ஓடினாலும் குனிந்தாலும் துப்பாக்கி நழுவாமல் பிடிப்பது. மூன்றாவது, வேண்டும்போது ஒரே இழுப்பில் விடுவது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுபவை. அந்த முரணைத் தீர்ப்பது அரை மில்லிமீட்டர் அளவிலான பொருத்தம். அந்தப் பொருத்தம் தோலிலிருந்து வருவதில்லை, அச்சிலிருந்து வருகிறது. நல்ல அச்சு கிடைக்காத மாடலுக்கு எத்தனை நல்ல தையல்காரராலும் நல்ல உறை செய்ய முடியாது. இந்தத் தொழிலில் பாதி உழைப்பு, சரியான அச்சைத் தேடிப் பிடிப்பதில் போகிறது என்பதை அந்த அலமாரி முன்னால் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

முன்பெல்லாம் உண்மைத் துப்பாக்கியையே பயன்படுத்தினார்கள். வாடிக்கையாளர் தன் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். அதைச் சமையலறையில் பாத்திரம் மூடும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி ஈரத் தோலுக்குள் நுழைப்பார்கள். தாள் எங்கேயாவது கிழிந்தால் தண்ணீர் போய்த் துரு பிடிக்கும். அதைவிடப் பெரிய பயம், உள்ளே குண்டு இருக்கிறதா என்பது. "காலி என்று சொல்லிக் கொடுத்தவர்களை நம்பித்தான் வேலை செய்தோம்" என்றார். இப்போது சுடக்கூடிய துப்பாக்கி வாசற்படி தாண்டக் கூடாது என்பது பட்டறை விதி. கதவில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுதி ஒட்டியிருக்கிறது. என் மனதுக்கு மிகவும் பிடித்த விதி அது.

தவிர, எல்லா மாடல்களையும் வாங்கி வைக்க எந்தச் சிறு பட்டறையாலும் முடியாது. கைத்துப்பாக்கியைச் சாதாரண அஞ்சலில் அனுப்புவதற்கு 1927-லேயே தடைச் சட்டம் போட்டார்கள். கடையில் வாங்கினாலும் ஒவ்வொன்றுக்கும் உரிமம் பெற்ற விற்பனையாளர், படிவம், பின்னணி விசாரணை. நீல அச்சு அப்படியில்லை. பொம்மைபோல் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். விலையும் உண்மைத் துப்பாக்கியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

நிறத்துக்கும் காரணம் உண்டு. 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி, துப்பாக்கி போலத் தோன்றும் பொம்மைகளுக்குக் குழல்வாயில் ஆரஞ்சு அடையாளம் வேண்டும். முழு உடம்பும் பளிச்சென்ற நீலமாகவோ சிவப்பாகவோ இருந்தாலும் போதும் என்று விதிகள் இடம் கொடுக்கின்றன. போலீஸ் பயிற்சியிலும் இந்த நிறங்கள் "இது சுடாது" என்பதற்கான சைகை ஆகிவிட்டன. புளோரிடாவின் மெல்போர்னில் உள்ள ரிங்ஸ் நிறுவனத்தின் 'புளூகன்ஸ்' தான் இந்த அலமாரியில் அதிகம். பயிற்சிக்காக வார்த்த கெட்டியான பாலியூரித்தேன் பொருளை உறைக்காரர்கள் தங்கள் அச்சாக எடுத்துக்கொண்டார்கள்.

அச்சை வாங்கியவுடன் பயன்படுத்திவிட முடியாது. அதைத் தயார் செய்வதே தனி வேலை. முதலாளி ஒரு நீலக் கிளாக்கை மேசையில் வைத்துக் காட்டினார். வெற்றுத் தோட்டாக்கூடு வெளியே வரும் வாசலின் பள்ளத்தைப் பசையால் நிரப்பி மட்டமாகத் தேய்த்திருந்தார்; இல்லையென்றால் தோல் அதற்குள் அமுங்கி, துப்பாக்கியை உருவும்போது அங்கே சிக்கும். முன் குறிமுள்ளிலிருந்து பின்னால்வரை நீளமாக ஒரு மரக் குச்சியை ஒட்டியிருந்தார். அந்தக் குச்சி தோலில் ஒரு வாய்க்கால் போட்டுவிடும். குறிமுள் தோலைச் சுரண்டாமல் அந்த வழியே போகும். மேகசினை விடுவிக்கும் பொத்தானின் மேல் சின்னத் தோல்துண்டு. அது இல்லாவிட்டால் நாற்காலியில் சாயும்போது உறை பொத்தானை அழுத்தி, மேகசின் தானாகக் கழன்றுவிடும். இந்த மூன்று திருத்தங்களும் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வேறு. அட்டையில் இருந்த பென்சில் குறிப்புகள் எல்லாம் இவைதான்.

பிறகு வார்ப்பு மேசைக்கு வந்தோம். ஹுவாரெஸில் பிறந்த ஒரு அம்மாள் அதைப் பார்த்துக்கொள்கிறார். 8 அவுன்ஸ் தோல், அதாவது 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கனம், வெட்டி ஒட்டித் தைத்து முடித்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுத்தார். நேரத்தை மனதுக்குள் எண்ணுகிறாரா என்று கேட்டேன். தோலிலிருந்து எழும் குமிழிகளைப் பார்த்தால் போதும் என்றார். அச்சை உள்ளே தள்ளி, இரண்டு ரப்பர் மெத்தைகளுக்கு நடுவே வைத்து அழுத்தி, எடுத்த பிறகு கட்டைவிரலாலும் வழவழப்பான எலும்புக் கருவியாலும் ஓரங்களைத் தேய்த்துக்கொண்டே போனார். டிரிக்கர் வளையத்தின் கோடு தோலின் மேல் மெல்ல எழும்பி வந்தது. அவர் அதிக நேரம் செலவழித்தது அந்த இடத்தில்தான். உறையின் பிடிமானம் அந்த வளையத்தில் இருக்கிறது. இந்தப் பாலைவன ஊரில் தோல் சீக்கிரம் காயும். ஆனாலும் 50 டிகிரிக்கு மேல் போகாத மிதமான சூட்டுப் பெட்டியில் வைத்தால்தான் வடிவம் இறுகும் என்கிறார்.

வாணியம்பாடியில் தோல் ஷாப்பு வாடைக்குள் வளர்ந்தவன் என்பதால் அந்தத் தோலை முகர்ந்து பார்த்தேன். மரப்பட்டையின் மணம். எங்கள் பக்கம் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறிய தோலும் இதே குடும்பத்து மணம் கொண்டது. இப்போது ஷூவுக்கு வேண்டிய குரோம் தோல்தான் எங்கும். குரோம் தோல் மென்மையானது, நனைத்து வடிவம் கொடுத்தாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். பட்டையில் பதனிட்டது மட்டுமே கொடுத்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். இந்தப் பட்டறைக்குத் தோல் வருவது செயின்ட் லூயிஸில் 1881 முதல் பதனிட்டுவரும் ஹெர்மன் ஓக்கிலிருந்து.

அச்சு தேடும் கதைக்கே திரும்புகிறேன், ஏனென்றால் முதலாளியின் மனம் முழுக்க அதில்தான் இருந்தது. சில அச்சுகள் பல மாடல்களுக்குப் போதும். கோல்ட்டின் 1873 மாடல் ரிவால்வர் 4¾, 5½, 7½ அங்குலக் குழல்களில் வந்தது. குழல்வாய் திறந்த உறைக்கு நீளமானதை ஒன்று வாங்கினால் மூன்றும் அடங்கும். 1911 மாடல் பிஸ்டலிலும் இதே கணக்கு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களை ஜே, கே, எல், என் என்று சட்டக அளவில் பிரித்திருப்பது உறைக்காரருக்குப் பெரிய உதவி. சில இடங்களில் இந்தச் சிக்கனம் காலை வாரிவிடும். கிளாக் 19, 23 இரண்டுக்கும் வெளி அளவு ஒன்று என்று எல்லோரும் ஒரே அச்சில் ஓட்டினார்கள். ஐந்தாம் தலைமுறையில் 23-இன் ஸ்லைடு என்னும் மேல்பாகம் சற்று அகலமாகிவிட்டது. பழைய உறையில் அது இறுகிப்போகிறது.

பழங்காலத் துப்பாக்கிகளுக்கு ஸ்பெயினின் மெனோர்கா தீவில் டெனிக்ஸ் நிறுவனம் செய்யும் உலோக மாதிரிகள் உண்டு. 1898-க்கு முந்தைய துப்பாக்கிகளின் சுடாத மாதிரிகளுக்கு அந்த ஆரஞ்சு அடையாள விதியிலிருந்து விலக்கு இருப்பதால் அவை உலோக நிறத்திலேயே வருகின்றன. சுவரில் மாட்டி ரசிக்கச் செய்தவை. ஆகவே அளவு பார்த்துத்தான் எடுக்க வேண்டும். காற்றழுத்த விளையாட்டுத் துப்பாக்கிகளும் அப்படித்தான். அசல் நிறுவனத்திடம் உரிமம் வாங்கிச் செய்தவைகூட உள்ளே இயந்திரம் வைப்பதற்காக ஸ்லைடைத் தடிமனாக்கிவிடுவது உண்டு. முப்பரிமாண அச்சில் எடுத்தவை இப்போது மலிவு. ஆனால் அந்த இயந்திரங்களில் அதிகம் ஓடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கினால் இளகும். சூட்டுப் பெட்டிக்குள் கொஞ்சம் கவனம் தவறினால் குழல் வளைந்துவிடும். வளைந்த அச்சில் அடித்த உறைகளும் வளைந்தவைதான்.

இப்போதைய தலைவலி விளக்கு. துப்பாக்கியின் கீழே சின்ன டார்ச் விளக்கு மாட்டிக்கொள்ளும் பழக்கம் பரவிவிட்டது. துப்பாக்கி ஒன்று, விளக்கு பத்து. ஒவ்வொரு சோடிக்கும் வேறு அச்சு. எல்லாவற்றையும் எந்தப் பட்டறையும் வாங்கி வைக்க முடியாது என்பதால் போட்டிப் பட்டறைக்காரர்களே ஒருவருக்கொருவர் அச்சுகளைத் தபாலில் இரவல் அனுப்பிக்கொள்கிறார்கள். விலையில் முட்டிக்கொள்பவர்கள் இதில் மட்டும் கை கொடுக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மரியாதையை ஏற்படுத்தியது. தவறான அச்சில் செய்த உறை யாருடைய இடுப்பில் இருந்தாலும் ஆபத்து என்பதை அவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

நான் இருந்தபோதே அப்படி ஒரு பார்சல் வந்தது. விளக்கு பொருத்திய ஒரு புது மாடல். முதலாளி பெட்டியைப் பிரித்ததும் வெர்னியர் காலிப்பரை எடுத்தார். அந்தத் துப்பாக்கியின் சொந்தக்காரர் ஒரு துப்பாக்கிக் கடையில் வைத்து அதை அளக்க விட்டிருந்தார்; அந்த எண்கள் ஏற்கெனவே நோட்டில் குறிக்கப்பட்டிருந்தன. ஸ்லைடு சரி. விளக்கின் முகப்பும் சரி. டிரிக்கர் வளையம் மட்டும் நோட்டில் இருந்ததைவிட அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலாகத் தடித்திருந்தது. இரண்டு முறை அளந்தார், அந்த அம்மாளையும் ஒரு முறை அளக்கச் சொன்னார். தேய்த்துச் சரி செய்யலாமே என்றேன். அச்சு தன்னுடையது இல்லை, தேய்க்க உரிமை இல்லை என்றார். பெட்டியில் வைத்து மறுபடி ஒட்டினார். வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்து, வேறு அச்சு கிடைக்கும்வரை உறை தைக்க மாட்டேன், கொடுத்த முன்பணம் வேண்டுமானால் இன்றே திருப்பித் தருகிறேன் என்று சொன்னார்.