முருங்கன் சந்தியில் ஒரு காலைப்பொழுது

மன்னாரிலிருந்து மதவாச்சி வீதியால் வரும் பஸ் உயிலங்குளத்தைத் தாண்டியதும் இருபுறமும் வயல்வெளிதான். கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிய பூமி இது. யுத்தத்தால் 1990 இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015 இல் மீண்டும் முருங்கன் வழியாகத் தலைமன்னார் வரை ஓடத் தொடங்கியது. வீதி, மின்சாரம், கைத்தொலைபேசி எல்லாம் வந்துவிட்டன. இணையமும் வந்துவிட்டது என்கிறார்கள். யாருக்கு வந்தது?

முருங்கனில் இறங்கி, போட்டோக் கொப்பி எடுக்க ஒரு கொமினிகேசன் கடைக்குப் போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, மகளின் சாதாரண தரப் பரீட்சை முடிவை எடுப்பதற்குக் காத்திருந்தார். இறுதி யுத்தத்தில் கணவரை இழந்தவர்.

"வீட்டிலேயே போனில் பார்க்கலாமே அம்மா?" என்றேன்.

"பெரிய போன் ஒண்டுதான் பிள்ளை. அதை மகன் வேலைக்குக் கொண்டுபோயிடுவான். என்னட்ட இருக்கிறது கதைக்கிற போன் மட்டுந்தான்."

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தபோதும் இதே நிலைதான். அண்ணன் வீடு திரும்பிய பிறகே தங்கை பாடம் எழுதினாளாம்.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. லேர்ன்ஏசியா நிறுவனம் 2018 இல் செய்த ஆய்வின்படி, இலங்கையில் 15 முதல் 65 வயது வரையானோரில் 37 வீதத்தினரே இணையம் பயன்படுத்தினர். அதிலும் ஆண்களைவிடப் பெண்கள் 34 வீதம் குறைவு.

உதவித் திட்டங்களும் இப்போது இந்த வழியால்தான் வருகின்றன. 2023 இல் அஸ்வெசும தொடங்கியபோது மேன்முறையீடுகள் இணையத்திலும் ஏற்கப்பட்டன. படிவம் நிரப்பத் தெரியாதவர் கடைக்குக் காசு கொடுக்கிறார். காசு போவதோடு முடிந்தால் பரவாயில்லை.

"முந்தி ஒருக்கா ஒரு உதவிக்கு எழுதிக் குடுக்கேக்க, எனக்கு நம்பர் பாடமில்லை. அந்தக் கடைப் பெடியன் தன்ர நம்பரைப் போட்டான். மெசேஜ் அவனுக்குப் போயிருக்கு. எனக்குத் தெரியவரேக்க திகதி முடிஞ்சுது" என்றார் அந்த அம்மா.

சகோதரிகளே, படிவத்தை யார் நிரப்பினாலும் தொலைபேசி இலக்கம் உங்களுடையதாக இருக்கட்டும். அனுப்பியதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். இரகசிய இலக்கத்தை எவரிடமும் சொல்லாதீர்கள். வீட்டில் ஒரு போன்தான் என்றால், மகளுக்கும் அதில் ஒரு நேரம் ஒதுக்குங்கள்.

பெறுபேற்றை வாங்கிக்கொண்ட அம்மா, உயர்தர அனுமதிக்கான விண்ணப்பம் ஒன்றையும் நிரப்பக் கொடுத்தார். பையிலிருந்து ஒரு கொப்பி மட்டையை எடுத்து, அதில் எழுதியிருந்த தன் இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"எங்க தம்பி, இப்ப நீர் ஒருக்கா வாசியும்" என்றார்.